பூசை அடுக்கில் ஒரு ஜெர்மன் நோட்டு

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, தேநீர் குடித்ததைக்கூட ஜெர்மன் மொழியில் சொல்லிப் பார்க்கும் பைத்தியம் எங்கள் தோட்டத்து வீட்டைப் பிடித்தது. கொண்டுவந்தவர் சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. பெற்றோர் போன பிறகு அம்மாதான் அவரை வளர்த்தார். பக்கத்து டவுனான பகாவில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டே, ஜெர்மனியில் தாதிப் பயிற்சிக்குப் போவதற்காக மொழித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

மாலையில் நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பேன். நடந்து முடிந்ததைச் சொல்ல அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வினை போதாதாம். 'ஹாபென்' அல்லது 'ஸைன்', இரண்டில் ஒன்று முன்னால் வந்து உட்காரும். உண்மையான வினை, பெரும்பாலும் 'கெ' என்று ஒரு தொப்பி போட்டுக்கொண்டு, வாக்கியத்தின் கடைசியில் போய் நிற்கும். சாப்பிட்டால், வாங்கினால், துவைத்தால் ஹாபென். போனால், வந்தால், பறந்தால் ஸைன்.

"அப்போ தங்கறது, சித்தி?"

"அதுவும் ஸைன்தான்."

"அதுதான் எங்கயும் போகலையே!"

"உனக்குக் கொழுப்பு லா. அடுத்தத கேளு."

எந்த வினை எந்தப் பக்கம் சேரும் என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கேட்டுக் கேட்டே நோட்டு முழுவதும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

தேர்வு கோலாலம்பூரில், விஜயதசமி அன்று காலை. முதல் நாள் சரஸ்வதி பூசை. சித்தி லீவு போட்டிருந்தார். குளித்துவிட்டு வந்து நோட்டைத் தேடினால் காணோம். வீட்டையே புரட்டினார். கடைசியில் அது பூசை அடுக்கில், என் கணக்குப் புத்தகத்துக்கு அடியில், சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

"அக்கா, நாளைக்குப் பரீட்சைக்கா!"

"பூசையில வெச்சத நாளைக்குப் பூசை முடிஞ்சுதான் எடுக்கணும். சாமி விசயத்துல வெளையாடாத."

விடிவதற்குள் பஸ் ஏற வேண்டியவர் சித்தி. அம்மாவை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. வீட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

"நோட்டு வேணாம் சித்தி, நான் கேக்கறேன்" என்றேன்.

பொழுது சாயும்வரை கேட்டேன். அவர் தப்பாகச் சொன்னபோதெல்லாம் கத்தித் திருத்தினேன். துணி காயப்போட வந்த அம்மா, ஈரத்துணி வாளியோடு கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, எதையும் காயப்போடாமல் உள்ளே போய்விட்டார்.

சித்தி பாஸ். என்னைத் தூக்கிச் சுற்றினார். "இவதான்க்கா என் நோட்டு!"

அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. சாமியை ஏமாற்றிவிட்டேன் என்ற கோபம் என்று நினைத்து, பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணத்தைச் சரஸ்வதிக்குப் போட்டேன், பதினொன்று.

அந்த நோட்டு எப்போதும் சித்தியின் கைப்பைக்குள்தான் இருக்கும். அடுத்தவர் பையைத் தொடாத அம்மா, அன்றைக்கு ஜிப்பைத் திறந்து எடுத்திருக்கிறார். சித்தியும் போய்விட்டால் பிறந்த வீட்டு ஆள் என்று சொல்லிக்கொள்ள அம்மாவுக்கு இந்த ஊரில் ஒருவரும் இல்லை. அது அப்போது எனக்குத் தெரிந்திருந்தால், அந்த வினைகளை அவர் காதில் விழும்படி அத்தனை சத்தமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.