இடது புருவத்துத் தழும்பு

கொரோனா ஓய்ந்து, வகுப்புகள் எல்லாம் பழையபடி நடக்கத் தொடங்கியிருந்த சமயம். தஞ்சாவூரில் ஓர் ஓவியப் பள்ளியில் கண்ணாடிக் கலைப் பிரிவுக்கு நான்தான் ஆசிரியை. பிரிவு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேனே தவிர, கட்டடத்தின் பின்பக்கம் தகரம் வேய்ந்த ஒரு நீளக் கூடம், ஒரு மின்சார உலை, கண்ணாடி வெட்டுகிற மேஜைகள், விரலில் பிளாஸ்திரி ஒட்டிய மாணவிகள், அவ்வளவுதான். வாரக் கடைசியில் வெளியூர்ப் பெண்களுக்கென்று ஒரு வருடச் சான்றிதழ் வகுப்பும் நடக்கும். நான் சொல்லப்போகும் பெண் அந்த வகுப்பில் படித்தவள்.

கண்ணாடியின் பின்பக்கம் வரைந்து முன்பக்கமாகப் பார்க்கிற ஓவியம் எங்கள் ஊரில் பிரசித்தம். இதில் எல்லாமே தலைகீழ். மற்றச் சாமி படங்களுக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். இதில் முதல் கோடே கண்தான். கண், புருவம், நகை எல்லாம் முதலில், அதன்மேல் முகத்தின் நிறம், எல்லாம் முடிந்தபிறகு பின்னணி. அவசரப்பட்டு முகத்துக்கு நிறம் அடித்துவிட்டால் அப்புறம் கண்ணுக்கு இடமே கிடையாது. இன்னொரு தொல்லை, இடம் வலம் மாறிப்போகும். அதனால் மாதிரிப் படத்தை டிரேஸிங் பேப்பரில் எடுத்து, அதைக் கவிழ்த்துப் போட்டு, மேலே கண்ணாடியை வைத்து வரைய வேண்டும். கவிழ்க்க மறந்தால் போச்சு. ஒரு வருடம் ஒரு பெண் வரைந்த கிருஷ்ணர் இடது கையால் வெண்ணெய் தின்றுகொண்டிருந்தார். “கிருஷ்ணருக்கு ஒரு தோஷமும் இல்ல, உனக்குத்தான் மார்க் இல்ல” என்றேன். பிழை கண்டுபிடிப்பதில் எனக்குக் கழுகுக் கண் என்று மாணவிகள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். எனக்கும் உள்ளூர அதில் கர்வம்தான்.

அந்தப் பெண் நாகூருக்கு அப்பால் ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து வருவாள். விடியற்காலை கிளம்பித் திருவாரூர் வழியாகப் பஸ் மாறி வந்தாலும், எல்லாருக்கும் முன்னால் கூடத்தில் இருப்பாள். நெற்றியில் பொட்டு, தலையில் பூ, கழுத்தில் மஞ்சள் கயிற்றில் தாலி. வீட்டுக்காரர் கடல் தொழில் என்று மட்டும் சொல்லியிருந்தாள். கை சுத்தமான கை. ஒரு முறை சொன்னால் போதும். டிரேஸிங்கைக் கவிழ்க்காமல் அவள் ஒருநாளும் வேலை தொடங்கியதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் மறந்தாலும் இவள் கை நீண்டு கவிழ்த்துவிடும்.

மார்கழியில் ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் செல்போனை நீட்டினாள். யாரோ ஒருவரின் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. அதில் வெள்ளைச் சட்டை போட்டு ஓரமாக நின்ற ஒருவரை விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். வலது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு.

“இவரை வரையணும் மேடம். தை அமாவாசைக்குள்ள.”

“யாரு, வீட்டுக்காரரா? நேரிலேயே உட்காரவெச்சு வரையலாமேம்மா” என்றேன், கிண்டலாக.

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் சொன்னாள். மூன்று ஐப்பசிக்கு முன்னால் ஃபைபர் படகில் போனவர். காற்று அடித்துப் படகு கவிழ்ந்திருக்கிறது. கூடப் போன இருவரை வேறு படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். இவர் மட்டும் அகப்படவில்லை. தேடாத இடமில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை. வியாழக்கிழமை தவறாமல் நாகூர் தர்காவுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வருகிறாள். இத்தனை நாளும் இதை ஒருவரிடமும் சொல்லாமல் எங்களோடு உட்கார்ந்து கண்ணாடி வெட்டியிருக்கிறாள்.

வீட்டில் இனி காத்திருக்க முடியாது என்று முடிவாகிவிட்டதாம். நாத்தனாருக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடி வந்திருக்கிறது. ஒரு சாவு முடிவாகாமல் தொங்கிக்கொண்டிருக்கிற வீட்டில் எப்படிப் பந்தக்கால் நடுவது? தை அமாவாசையன்று காரியம் செய்து, படத்துக்கு மாலை போட்டு, இவள் தாலியையும் கழற்றி வாங்கிவிடுவது என்று பெரியவர்கள் பேசிவிட்டார்கள். மாட்ட ஒரு நல்ல போட்டோ இல்லை. ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசு பண்ணிப் பார்த்தார்களாம். கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு மூக்கைத் திருத்தித் தழும்பையும் துடைத்துவிட்டது. மாமியார் அதைப் பார்த்ததும், “இது என் புள்ள இல்ல” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அந்தத் தழும்பு சின்ன வயதில் தூண்டில் முள் கிழித்தது. முள்ளை உருவி எடுத்ததே அந்த அம்மாதான்.

“அத்தைதான் சொன்னாங்க மேடம். நீதான் படிக்கிறியே, நீயே வரைஞ்சு குடுன்னு.”

இதைவிடக் கொடுமையாக ஒரு வேலையை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மாவையும் குறை சொல்ல மனம் வரவில்லை. பெற்றவளுக்கும் அழ ஓர் இடம் வேண்டுமே.

அடுத்த வாரம் கண்ணாடியைச் சட்டத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துடைத்தாள். மறுபடி துடைத்தாள். மதியம்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள். வேறு எந்த ஓவியமானாலும் சட்டையையோ பின்னணியையோ போட்டுவிட்டு முகத்தைத் தள்ளிப்போடலாம். கண்ணாடியில் அந்தச் சலுகை இல்லை, எடுத்த எடுப்பில் கண்ணைத்தான் பார்த்தாக வேண்டும். பக்கத்தில் போய், “கண்ணை மட்டும் நான் போட்டுத் தரட்டுமா?” என்றேன்.

“வேணாம் மேடம். நானே போடுறேன்.”

அதற்கடுத்த வாரம் போட்டாள். போட்டுவிட்டு வெளியே போய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினாள். பிறகு கை நிற்கவில்லை. புருவம், தழும்பு, மீசை, முகத்தின் கறுப்பு, சட்டையின் வெள்ளை, எல்லாம் வரிசையாக வந்தன. நான் அவ்வப்போது தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பேன். பக்கத்தில் வைத்திருந்த போட்டோவோடு அப்படியே ஒத்துப்போனது. நன்றாக வருகிறது என்று நகர்ந்துவிடுவேன். பின்பக்கத்திலிருந்து பார்க்கும்போது போட்டோவோடு ஒத்துப்போனால் அது தப்பு என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்த கலக்கத்தில் எனக்கே அது உறைக்கவில்லை.

அமாவாசைக்கு முந்தின வகுப்பில் பின்னணியும் முடிந்து, காய்ந்ததும் இரண்டு பேருமாகக் கண்ணாடியைத் திருப்பினோம். உயிரோடு ஒரு மனிதன் எங்களைப் பார்த்தான். ஆனால் பழகின கண் சும்மா இருக்குமா? அது நேரே சட்டைப் பைக்குப் போனது. பை வலது மார்பில் இருந்தது. சட்டென்று புருவத்தைப் பார்த்தேன். தழும்பு இடது புருவத்தில்.

“அய்யய்யோ, டிரேஸிங்கைக் கவிழ்க்கலையாம்மா நீ?”

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படபடவென்று சொல்லிக்கொண்டே போனேன். பரவாயில்லை, பையை விட்டுவிடலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். தழும்பு இருக்கிற இடத்தில் மட்டும் பின்னாலிருந்து பிளேடால் சுரண்டி எடுத்து வலது புருவத்தில் போட்டுவிடலாம், நானே கூட இருந்து செய்து தருகிறேன், இன்றைக்கே முடித்துவிடலாம் என்று பிளேடையும் எடுத்துவிட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் மேடம். அப்படியே இருக்கட்டும்.”

“ஏம்மா? இது அவர் மாதிரி இல்லையே.”

“ஆமா மேடம்” என்றாள். “இது அவரு இல்ல. மாலைய இவருக்குப் போட்டுக்கட்டும்.”

பிளேடைக் கீழே வைத்துவிட்டேன். மறந்து செய்த பிழை இல்லை அது. இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொடுத்த பாடத்தை அப்படித் திருப்பிப் போட்டுப் பயன்படுத்திக்கொண்டவள் அவள் ஒருத்திதான். கெட்டிக்காரத்தனம் என்று மெச்சவும் முடியவில்லை. இந்தப் பெண்ணுக்குப் பிடித்துக்கொள்ள இந்தத் தழும்பைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லையா என்று இருந்தது.

தை அமாவாசையன்று நானும் போனேன். அவள் கூப்பிடவில்லை, எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சம்பா அறுவடை சமயம். ரோட்டில் பாதிக்கு நெல்லைக் காயப்போட்டிருந்ததால் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. போகிற வழியெல்லாம் ஒரே பயம். முள்ளை உருவி எடுத்த தாய்க்கா தழும்பு எந்தப் பக்கம் என்று தெரியாது? தெரிந்தால் ஊர் முன்னால் இவள் கதி என்ன?

வீட்டு வாசலில் பந்தல். நடு வீட்டில் பலகைமேல் படம். கடற்கரையில் சடங்கு முடித்து ஆண்கள் திரும்பிவிட்டிருந்தார்கள். அவள் ஒரு மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் நிறையப் பூ, கை நிறைய வளையல். எடுப்பதற்காகவே வைத்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு படத்தின் முன்னால் உட்கார்ந்தார். மெலிந்த, கறுத்த அம்மா. நெற்றியில் சந்தனம் வைக்கப் போன விரல், வைக்காமல், தானாக இறங்கி வலது புருவத்துக்குப் போனது. அங்கே தடவியது. வெறும் கண்ணாடி. மறுபடி தடவியது. பிறகு மெதுவாக இடது புருவத்துக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

அந்த அம்மா திரும்பி மருமகளைப் பார்த்தார். மருமகளும் நிமிர்ந்து பார்த்தாள். “என்னக்கா, நேரமாவுதுல்ல?” என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

அந்த அம்மா சந்தனத்தை வைத்தார். குங்குமம் வைத்தார். மாலையை எடுத்துப் படத்துக்குப் போட்டார். போட்டதுதான் தாமதம், நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதார் பாருங்கள், அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. இது தன் பிள்ளை இல்லை என்று தெரிந்தும் அழுதாரா, தன் பிள்ளை எங்கேயும் இல்லை என்று தெரிந்து அழுதாரா, எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அழுது ஓய்ந்ததும் நாலைந்து பெண்கள் மூலையில் இருந்தவளிடம் எழுந்து போனார்கள். ஒருத்தி பூவில் கையை வைத்துவிட்டாள்.

“அதெல்லாம் வேணாம்” என்றார் மாமியார்.

“என்னக்கா சொல்ற? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“படத்துக்கு மாலை போட்டாச்சுல்ல? என் மவளுக்குக் கல்யாணம் பண்ண அது போதும். அவ கழுத்துல கிடக்குறது கிடக்கட்டும். யாரும் கைய வெக்காதீங்க.”

முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே போனார். அந்த அம்மா அசையவில்லை. நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “படம் நல்லா வந்திருக்கு டீச்சரம்மா” என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதேன்.

நாத்தனாரின் கல்யாணம் நடந்தது. என் மாணவி படிப்பை முடித்து, ஊரிலேயே சின்னச் சின்னக் கண்ணாடி வேலைகள் செய்து விற்கிறாள். வியாழக்கிழமை தர்காவுக்குப் போவது நிற்கவில்லை. இப்போது மாமியாரும் கூடப் போகிறாராம். கடலுக்குப் போனவர் வரவில்லை. வரப்போவதும் இல்லை என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியாமல் இருக்காது. சில நாள், அன்றைக்குப் பிடிவாதமாகச் சுரண்டித் திருத்தியிருந்தால் அவள் ஒரேயடியாக அழுது முடித்து வேறு வாழ்க்கைக்குப் போயிருப்பாளோ என்று தோன்றும். அவளை நான் காப்பாற்றினேனா, அந்தக் கடற்கரையிலேயே கட்டிப்போட்டுவிட்டேனா தெரியவில்லை.

இப்போதும் ஒவ்வொரு வகுப்பிலும் “டிரேஸிங்கைக் கவிழ்த்துப் போடுங்க” என்று தொண்டை வலிக்கக் கத்துகிறேன், ஆனால் சட்டைப் பை வலது பக்கம் வந்துவிட்ட ஒரு முகத்தை யாராவது கொண்டுவந்து நீட்டினால், பிளேடைத் தொடுவதற்கு முன்னால், “இது யாரும்மா?” என்று முதலில் கேட்கிறேன்.