ஜோஜிலா திறக்கும் தேதி

கார்மேகம் ஷார்ஜாவில் மூன்று வருஷமாக மணல் தள்ளிக்கொண்டிருந்தான். தைத் ஊருக்குப் போகிற ரோட்டில் ஒரு நாள் காற்றடித்தால் போதும், தார் இருந்த இடம் தெரியாது. டோசரைக் கொண்டுபோய் வழித்துவிட்டால் மறு வாரம் மறுபடி மூடும். இதே வேலையை அவன் அதற்கு முன்னால் ஆறு வருஷம் பனியில் செய்தவன். காஷ்மீரத்தில் ஜோஜிலா என்று ஒரு கணவாய். ஸ்ரீநகரிலிருந்து லடாக் போக அந்த ஒரு ரோடுதான். கார்த்திகையில் பனி விழுந்து மூடினால் வைகாசி வரைக்கும் அந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம், இந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம். அது தானாகவும் திறக்காது. சோனாமார்க்கிலிருந்து ஒரு கூட்டமும் திராஸிலிருந்து ஒரு கூட்டமும் டோசரால் வெட்டிக்கொண்டே வந்து நடுவில் முட்டிக்கொள்ள வேண்டும். முதுகுளத்தூருக்குக் கிழக்கே கருவேலங்காட்டில் பிறந்தவன் மலையில் ரோடு போடுகிற படையில் சேர்ந்து அங்கே போனான். போனவன் தம்பி சோலைமுத்துவையும் கூட்டிக்கொண்டான். பிறகு தான் மட்டும் வளைகுடாவுக்கு வந்துவிட்டான். தம்பி இன்னும் திராஸில்தான் இருந்தான்.

அண்ணன் தம்பிக்கு நடுவில் மூன்று பெண்பிள்ளைகள். மூத்தவளைப் பரமக்குடியில் கொடுத்திருந்தது, அடுத்தவளை அபிராமத்தில். கடைசிக்காரி தாய்மாமனுக்கே வாழ்க்கைப்பட்டு உள்ளூரில் இருந்தாள். அண்ணன் கட்டியது கருப்பாயியை. தம்பி கட்டியது அவளுடைய உடன்பிறந்த தங்கை சரசுவை. இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. தம்பிக்கு ஒன்று என்றால் அண்ணன் வீட்டில்தான் இழவு விழும்.

எழுபத்தாறாம் வருஷம் ஏப்ரல் நடுவில் ஒரு நாள், கம்பெனி ஆபீசில் சீதாராமன் கார்மேகத்தைக் கூப்பிட்டனுப்பினார். கும்பகோணத்துக்காரர். குடும்பத்தோடு ஷார்ஜாவிலேயே இருந்தார். ஆள் எடுக்கிறது, விசா வாங்குகிறது எல்லாம் அவர் கையில்.

“கார்மேகம், ரெண்டாவது டோசர் ஜூன் மாசம் கப்பல்ல வந்துடும். உன் தம்பி பேர்ல விசாவும் வாங்கியாச்சு. ஆள் எப்ப வருவான்னு நம்ம அரபி முதலாளி, அர்பாப் கேக்கறார். தேதி சொல்லு.”

“மலை ரோடு தொறந்ததும் வந்துருவான் சார்.”

“அது எப்ப திறக்கும்?”

“பனியப் பொறுத்தது சார். ராஜினாமாவ ஒத்துக்கிட்டாக. மாத்து ஆளு அந்த ரோட்டு வழியா வந்தாத்தான் இவன எறக்கி விடுவாக.”

“பனியை நான் அர்பாப்கிட்டக் கூட்டிண்டு போய் நிறுத்த முடியுமா? ஒரு தேதி சொல்லு.”

கார்மேகத்துக்குத் தேதி தெரியும். தம்பி பங்குனியில் எழுதிய கடிதத்தில், இந்த வருஷம் மைல்கல்லெல்லாம் நாற்பதடிக்குக் கீழே கிடக்கிறது என்று எழுதியிருந்தான். மேலே இருந்து இரண்டு பெரிய சரிவு வேறு ரோட்டில் இறங்கியிருந்தது. ஒரு நாளைக்கு இத்தனை கஜம் என்று விரல் விட்டு எண்ணினால் ஜூன் பன்னிரண்டு. அங்கிருந்து ஸ்ரீநகர், ஜம்மு, பம்பாய் என்று வந்து சேர ஜூன் இருபத்துமூன்று. அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே, ஒர்க்ஷாப் நிழலில், ஆறடி உயரத்தில் கான் என்கிற பட்டாணியன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். டோசர் ஓட்டத் தெரிந்தவன், கையில் லைசென்சு வைத்திருப்பவன். வேலை கேட்டு ஒரு மாதமாகத் தினமும் வந்து உட்காருகிற ஆள்.

“ஜூன் அஞ்சு சார்” என்றான் கார்மேகம்.

சீதாராமன் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டார். “அஞ்சாம் தேதி சாயங்காலம் வரைக்கும்தான். அப்புறம் கலாஸ். கான் ஏறி உக்காந்துடுவான். என்னைக் குத்தம் சொல்லாதே.”

சொன்னதை இனி நிஜமாக்க வேண்டும். ஜூன் ஐந்துக்கு இங்கே இருக்கவேண்டுமானால் மே இருபத்தைந்துக்குள் அவன் கணவாயைத் தாண்டியாக வேண்டும். கார்மேகம் நேரே தபாலாபீஸ் போய்த் தந்தி அடித்தான்: மே இருபத்தைந்துக்குள் இறங்கு. தவறினால் இடம் போய்விடும். அண்ணன்.

மே ஆறாம் தேதி தம்பியின் பதில் வந்தது. ஹெலிகாப்டரில் ஏறி, டில்லி சுற்றி, பன்னிரண்டு நாள் கழித்து வந்த கடிதம். அறையில் கார்மேகத்தோடு தங்கியிருந்தவர் கௌஸ் முகம்மது. இளையான்குடிக்காரர், கம்பெனி மெக்கானிக். ஒரே பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதால் அவர் மாப்ள என்பார், இவன் மாமா என்பான். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவர் முன்னால்தான் கடிதத்தைப் பிரித்தான்.

அண்ணே, நீ கவலையே படாதே. எங்கள் பக்கம் மளமளவென்று போகிறது. மற்றவர்கள் பன்னிரண்டு மணிக்கு இஞ்சினை அணைத்துவிடுகிறார்கள். நான் அணைப்பதில்லை. ஆபீசர் ஐயா வேண்டாம் என்றுதான் சொன்னார். என் அண்ணன் தேதி சொல்லிவிட்டான், ஊர் போய்ச் சேரவேண்டும் என்று காலைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். நாலு மணி வரைக்கும் வெட்டுகிறேன்.

கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

“என்ன மாப்ள, மூஞ்சி செத்துப் போச்சு?”

“மத்தியானத்துக்கு மேல ஓட்டுறானாம் மாமா.”

“ஓட்டட்டுமே. நாம இங்க ஓட்டலையா? ஓவர்டைம்னு நெனச்சுக்க.”

“அது மணலு இல்ல மாமா. காலையில பனி கல்லு மாதிரி கெடக்கும். டோசரு மேல ஏறினாக்கூடத் தாங்கும். பதினோரு மணிக்கு வெயில் ஏறிச்சுன்னா மேல இருக்கிற மலையே கனத்துப் போயித் தொங்கும். இஞ்சின் சத்தமே போதும், எறங்கிரும். திண்டுக்கல்லுக்காரரு, கோபாலசாமின்னு ஒரு அண்ணன். எனக்குக் கியர் போடக் கத்துக் குடுத்தவரு. ரெண்டு மணிக்கு, இன்னும் பத்துக் கஜந்தான்னாரு. டோசரோட போனாரு. ஆடி மாசந்தான் எடுத்தோம்.”

கௌஸ் முகம்மது தட்டைத் தள்ளி வைத்தார். “சரி, வேணாம்னு தந்தி அடி.”

“கேக்க மாட்டான். அண்ணன் எனக்காகப் பெரிய மனசு பண்றான்னு இன்னும் ஒரு மணி நேரம் சேத்து ஓட்டுவான். அவனப் பத்தி எனக்குத் தெரியாதா?”

“அப்ப என்னதான் செய்யப் போற?”

“இடம் போச்சுன்னு அடிக்கப்போறேன்.”

“கிறுக்குப் பிடிச்சிருச்சா? இடம் போச்சுன்னா அவன் ராஜினாமாவத் திருப்பி வாங்கிருவான். அப்புறம் இன்னும் எத்தன வருசமோ அந்த மலையிலதான். இந்த விசாவுக்கு நீ எத்தன நாளு அந்தாளு வாசல்ல நின்ன?”

“உசுரோட இருப்பான்ல மாமா.”

கௌஸ் முகம்மது கையைக் கழுவிவிட்டு வந்தார். “சரி, அவனுக்கு அப்பிடி அடி. இங்க வாயத் தொறக்காத. அஞ்சாம் தேதி வரைக்கும் இடம் கெடக்கட்டும். ரோடு தொறந்துட்டா மறுபடி ஒரு தந்தி.”

“இடம் கெடந்தா என் கை சும்மா இருக்காது மாமா. முந்தியும் வா வான்னு நாந்தான அடிச்சேன்.”

இரண்டு காரியத்தையும் அன்றைக்கே முடித்தான். முதலில் தந்தி: இடம் வேறு ஆளுக்குப் போய்விட்டது. அவசரம் வேண்டாம். அண்ணன். பிறகு ஆபீஸ் போய், தம்பி வரமாட்டான், கானை எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். சீதாராமன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

“விளையாடறயா? ஜூன் அஞ்சுன்னு நீதானே சொன்னே?”

“பொய் சொன்னேன் சார்.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கானைக் கூப்பிடச் சொன்னார். பட்டாணியன் உள்ளே வரும்போது கார்மேகத்தைப் பார்த்து, “ஷுக்ரியா பாய்” என்று நெஞ்சில் கை வைத்தான்.

தந்தி ஸ்ரீநகர் போய், அங்கிருந்து ஒயர்லெஸில் திராஸ் போகவேண்டும். மூன்று நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். அதுவரைக்கும் அவன் நாலு மணி வரை வெட்டிக்கொண்டிருப்பான்.

மே பதினாலு, வெள்ளிக்கிழமை. வேலை கிடையாது. காலையில் கௌஸ் முகம்மது டிரான்சிஸ்டரைத் தட்டித் தட்டி டில்லித் தமிழ்ச் செய்தியைப் பிடித்தார். கரகரப்புக்கு நடுவே, ஜோஜிலா கணவாயில் புதன்கிழமை பிற்பகல் பனிச்சரிவு, சாலையைத் திறக்கும் பணியில் இருந்த நான்கு பேர் சிக்கினர் என்று வந்தது. பெயர் சொல்லவில்லை. எந்தப் பக்கம் என்றும் சொல்லவில்லை. அடுத்த செய்தி எங்கோ கோதுமை விளைச்சலைப் பற்றி.

“பிற்பகல்னாக” என்றான் கார்மேகம்.

“அதுக்குள்ள தந்தி போயிருக்கும் மாப்ள. எட்டு நாளு ஆச்சுல்ல.”

“போயிருக்கும். போகாமலும் இருந்திருக்கும்.”

அன்றிலிருந்து அவனுக்கு நாள் எண்ணுவதுதான் பிழைப்பு. சாவு என்றால் படையிலிருந்து தந்தி முதலில் சரசுவுக்குப் போகும். அவள் கையிலிருந்து பரமக்குடித் தபாலாபீஸ், அங்கிருந்து இங்கே. புதன்கிழமை நடந்ததென்றால் திங்களுக்குள் வந்துவிட வேண்டும். திங்கள் வந்தது, போனது. டோசரில் உட்கார்ந்தால் முன்னால் நிற்கிற மணல்மேடு வெள்ளையாகத் தெரிந்தது. செவ்வாய் மத்தியானம் பிளேடு பட்டு மேட்டின் ஒரு பக்கம் பொலபொலவென்று சரிந்து டிராக்கை மூடியது. ஒன்றுமில்லாத சரிவு, தினமும் நடப்பது. கார்மேகம் லீவரைப் பிடித்தபடி மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். போர்மேன் கீழே நின்று, “யல்லா, யல்லா!” என்று கத்திக்கொண்டிருந்தான். இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நிழலில் போய் உட்கார்ந்தவன், அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

புதன்கிழமை சீதாராமனே காரை எடுத்துக்கொண்டு சைட்டுக்கு வந்தார். கையில் தந்தி. ஊரிலிருந்து வந்தது, ஒட்டியபடியே இருந்தது.

கார்மேகம் கையை நீட்டவில்லை. “நீங்களே பிரிங்க சார்.”

அவர் பிரித்தார். படித்துவிட்டு மூச்சு விட்டார். “சரசு அடிச்சிருக்கா. ரேடியோவில கேட்டாளாம். அவருக்கு என்ன ஆச்சு, உங்களுக்குத் தகவல் உண்டான்னு கேக்கறா.”

அதே நாட்டுக்குள் இருக்கிறவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. கடல் தாண்டி இருக்கிற பெரியவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து அவள் கேட்கிறாள்.

“சௌக்கியம்னு அடிச்சிருங்க சார்” என்றான் கார்மேகம். சீதாராமன் பேனாவை எடுத்தார். அவர் முதல் எழுத்தை எழுதுவதற்குள் தடுத்தான். “வேணாம் சார். எனக்கே தெரியாது. தெரிஞ்சதும் சொல்றேன்னு அடிங்க. அம்புட்டுத்தான்.”

“பாவம், ஒரு வார்த்தை ஆறுதலா...”

“ஒரு தடவ தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன் சார். போதும்.”

மே மாதம் அப்படியே போனது. ஜூன் முதல் தேதி கானுக்குப் புது டோசர் வந்திறங்கியது. அவன் நல்ல ஓட்டுக்காரன், அதிலும் குறை சொல்ல வழியில்லை. ரேடியோவில் ஜோஜிலாவைப் பற்றி வேறு பேச்சே வரவில்லை. கார்மேகத்துக்குச் சோறு இறங்கவில்லை. கௌஸ் முகம்மது கஞ்சி காய்ச்சி வைத்து, குடித்தால்தான் ஆச்சு என்று எதிரே உட்கார்ந்துகொள்வார்.

ஜூன் மூன்றாம் தேதி, மத்தியானம் டோசரை நிறுத்திவிட்டுக் கூடாரத்துக்கு வந்தபோது கௌஸ் முகம்மது நின்றுகொண்டிருந்தார். ஒர்க்ஷாப்பிலிருந்து லாரி பிடித்து வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

கார்மேகம் முதலில் கையெழுத்தைப் பார்த்தான். தம்பியின் கோழிக் கிறுக்கல். அது போதாது. மேல் மூலையில் தேதியைத் தேடினான். மே இருபத்துநாலு. பனிச்சரிவு மே பன்னிரண்டு. விரல் விட்டு ஒரு தடவை எண்ணினான். மறுபடி எண்ணினான். பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்தான்.

“இருக்கானா?” என்றார் கௌஸ் முகம்மது.

“இருக்கான் மாமா.”

“அல்லா! என்ன எழுதியிருக்கான்?”

கார்மேகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் என்னவோ போலாயிற்று.

“நேத்து ரோடு தொறந்துருச்சாம்.”

“எது, மே இருபத்துமூணா?”

“ஆமா. அந்தச் சரிவு சோனாமார்க் பக்கமாம். இவன் பக்கம் ஒண்ணுமே எறங்கல. என் தந்தி பதினஞ்சாந்தேதிதான் கையில கெடச்சுதாம்.”

கௌஸ் முகம்மது மனசுக்குள் கணக்குப் போட்டார். இருபத்துமூன்றாம் தேதி இறங்கியிருந்தால் ஜூன் ஐந்துக்கு இங்கே வந்திருப்பான். தந்தி அடித்ததும் வீண், அடிக்காமல் இருந்திருந்தால்... அந்தக் கணக்கை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. கார்மேகத்துக்கு அது முன்னமே வந்துவிட்டிருந்தது என்பது அவன் உட்கார்ந்திருந்த விதத்தில் தெரிந்தது.

“ராஜினாமா?”

“பதினாறாந்தேதியே திருப்பி வாங்கிட்டானாம்.” கார்மேகம் தாளைத் திருப்பினான். “மிச்சமெல்லாம் வசவு மாமா. ரெண்டு பக்கம்.”

“உன்னையவா?”

“என்னையத்தான்.”

“எங்க, படி. நானும் கேக்குறேன்.”

கார்மேகம் தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகப் படித்தான். நீ அண்ணனா, உனக்கு அண்ணன் என்று பெயர் வைத்தவன் யார், பத்து நாள் பொறுக்க மாட்டாயா, உன் வாயில் ஏன் ஒரு சொல் நிற்பதில்லை, இனிமேல் எனக்குத் தந்தி கொடுத்தால் கையை ஒடிப்பேன், சரசுவிடம் நான் எந்த முகத்தோடு போவேன், நீ நல்லாயிருப்பாயா. கான் டோசரிலிருந்து இறங்கி வந்து, பாஷை புரியாமல், கூட நின்று கேட்டான். கார்மேகம் ஒரு வரி விடாமல் படித்து முடித்தான். முடித்ததும் மடிக்கவில்லை. மறுபடி முதல் வரிக்குப் போய் ஆரம்பித்தான்.