இடுப்புக் கயிறும் வயிற்றுப் பையும்

கடலுக்குப் போகிறவன் தன் மலத்தைப் பார்ப்பதில்லை. விசைப்படகின் பின்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்துவான், முடிந்ததும் எழுந்து வருவான். மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும். அதனால் ரத்தம் எப்போதிருந்து போகிறது என்று டாக்டர் கேட்டபோது தெரியாது என்றேன். கரையில் இருந்த நாட்களில் இரண்டு மூன்று முறை பார்த்திருந்தேன். மூலம் என்று நானே முடிவுகட்டி, வீட்டில் கருணைக்கிழங்குக் குழம்பு வைக்கச் சொன்னேன். ஆறு மாதம் அதுதான் எனக்கு வைத்தியம்.

காசிமேட்டில் படகு ஓட்டியவன் நான். வயது ஐம்பத்து மூன்று. வயிற்றில் பை மாட்டிக்கொண்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்காக யாரும் எழுதி வைக்கவில்லை என்ற கோபமும் கொஞ்சம் உண்டு.

ஒருநாள் வயிறு பானையாக உப்பியது. காற்றும் பிரியவில்லை. மலக்குடலில் வளர்ந்த கட்டி வழியை முழுக்க அடைத்துவிட்டது என்றார்கள். அன்றே ஆபரேஷன். கண் விழித்தபோது எனக்குக் கொலாஸ்டமி (பெருங்குடலின் முனையை வயிற்றுத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து வைப்பது) செய்திருந்தார்கள். கட்டி புற்றுநோய் என்பதும், அதில் வரும் மலத்தைப் பிடிக்கும் பை ஆயுளுக்கும் என்பதும் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

ஸ்டோமாவை (வயிற்றில் திறந்திருக்கும் குடல் வாயை) முதலில் காட்டியவர் ஸ்டோமா நர்ஸ் செல்வராணி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நல்லா பாருண்ணா. செவப்பா ஈரமா கீதா? அப்ப நல்லா கீதுன்னு அர்த்தம். கறுத்துச்சின்னா உடனே ஓடியாரணும்."

மீனின் செவுளுக்கும் அதே கணக்குதான். அந்த ஒன்று மட்டும் அன்று எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே பை கசிந்தது. அப்புறம் தினமும் கசிந்தது. தோலில் ஒட்டும் தட்டின் ஓரம் கிளம்பி, மலம் அடியில் புகுந்து, தோல் வெந்துபோனது. எரிச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். எண்ணெய் பட்ட தோலில் தட்டு ஒட்டவே ஒட்டாது என்று செல்வராணி திட்டினார். நீங்களும் அதைச் செய்யாதீர்கள். வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் போதும்.

எண்ணெயை நிறுத்தியும் கசிவு நிற்கவில்லை. நான் பின்னறையில் பாயைப் போட்டுக்கொண்டேன். சோற்றுத் தட்டை அறை வாசலில் வைக்கச் சொல்லித் தனியாகச் சாப்பிட்டேன். தோஸ்துகள் வந்தால் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டேன். நாற்பது ஆண்டு மீன் கவிச்சியில் வாழ்ந்தவன், என் நாற்றத்துக்கு நானே கூசினேன். மனைவி கஸ்தூரி முகம் சுளித்ததில்லை. சுளித்தாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். தனியாக இருக்கிறவனுக்கு அடுத்தவர் முகத்தை எப்படி வேண்டுமானாலும் வரைந்துகொள்ள முடிகிறது.

அப்போது என் மகள் மீனாவுக்கு முதல் பிரசவம். தாய்வீட்டுக்கு வரவேண்டியவள், என் நிலைமையால் எண்ணூரில் மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஆண் குழந்தை. கஸ்தூரி போய்வந்தாள். நான் போகவில்லை. மடியில் குழந்தையைக் கிடத்துவார்கள். அதன்மேல் என் மலம் வழிந்தால்? அதற்குமேல் நினைக்க முடியவில்லை. முப்பதாம் நாள் சடங்குக்காவது வரச்சொல்லி மீனா போனில் அழுதாள்.

அந்த வாரம் மருத்துவமனைக்குப் போனேன். செல்வராணி அதுவரை மூன்று வகைப் பைகளை மாற்றிப் பார்த்துவிட்டார். தட்டைச் சுற்றிப் பசை வைத்துப் பார்த்தார். அளவு அட்டையால் குடல் வாயை அளந்து, தட்டின் ஓட்டையைப் புதிதாக வெட்டித் தந்தார். எதுவும் நிற்கவில்லை. அன்று தட்டை எடுத்துவிட்டு, வெந்த தோலை வெகுநேரம் பார்த்தார்.

"இது இன்னாண்ணா, நேரா கோடு போட்ட மாரி கீது?"

நான் சட்டையைக் கீழே இழுத்துவிட்டேன். அவரே என் சட்டையை மேலே தூக்கினார். விலா எலும்புவரை ஏற்றிவிட்ட அரைஞாண் கயிறு அங்கே இருந்தது.

எங்களில் ஆண்பிள்ளை இடுப்பில் அரைஞாண் ஏறினால் பிணமான பிறகுதான் இறங்கும். ஆபரேஷனுக்கு முன் அதை அறுத்திருந்தார்கள். மயக்கம் தெளிந்த அன்றே கஸ்தூரி புதுக்கயிறு கட்டிவிட்டாள். இவர்களும் பார்த்தால் அறுப்பார்கள் என்று பயந்து, ஒவ்வொரு முறையும் நர்ஸைப் பார்க்கும் முன் மேலே ஏற்றிக்கொள்வேன். வீட்டுக்குப் போனதும் இறக்கிவிடுவேன். அவசர ஆபரேஷன் என்பதால் குடல் வாய் சரியாக இடுப்பு மடிப்பில் வந்திருந்தது. உட்காரும்போதெல்லாம் கயிறு தட்டின் ஓரத்தில் புகுந்து நெம்பியிருக்கிறது.

"எங்க வூட்லயும் கட்டுவாங்கண்ணா. ஒளிச்சி வெக்கிற சமாச்சாரமா இது? சொல்லியிருந்தா மூணு மாசம் இப்டி வெந்துகினு இருக்க வேணாமே."

அறுக்கச் சொல்லவில்லை அவர். மேலே இறுக்கிக் கட்டிப் பார்க்கச் சொன்னார். கட்டினேன். உட்கார்ந்து எழுந்தால் இறங்கியது. கஸ்தூரியிடம் கத்தரிக்கோலை நீட்டினேன்.

"உசுரோட கீற மன்சனுக்கு நான் அறுக்க மாட்டேன்யா. என் கையால அது மட்டும் கேக்காத."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பையின் தட்டை வெட்டுவதற்காக நர்ஸ் தந்திருந்த வளைந்த கத்தரிக்கோல் அது. நானே அறுத்தேன். சத்தம்கூட வரவில்லை. குளிக்கும்போது என் கை பழக்கத்தில் இடுப்பைத் தடவி, ஒன்றும் இல்லாமல் திரும்பியது. செத்தவன் உடம்பைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருந்தது.

பை மூன்று நாள் அசையாமல் நின்றது. தோல் ஆறத் தொடங்கியது. கஸ்தூரி அந்த மூன்று நாளும் என் இடுப்புப் பக்கம் பார்க்கவேயில்லை.

முப்பதாம் நாள் எண்ணூருக்குப் போனேன். எங்கள் குடும்ப வழக்கப்படி குழந்தைக்கு முதல் அரைஞாண் கட்டுவது தாயைப் பெற்ற அப்பா. சம்பந்தி என்னைத் தனியே அழைத்தார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காத. நீ கவுற அறுத்துட்டன்னு கஸ்தூரி தங்கச்சி சொல்லிச்சி. பெரியவங்க யோசிக்கிறாங்க. நான் கட்டிடறேன். புள்ளைய நீ மடில வெச்சிக்க."

மண்டை கொதித்தது. அறுத்ததால்தான் வந்தேன், அறுத்ததால்தான் கட்டக் கூடாது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? தலையாட்டிவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். மீனா குழந்தையை என் மடியில் கிடத்தினாள். சம்பந்தி கறுப்புக் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு பந்திக்கு எழுந்து போனார்கள்.

நானும் அவனும் மட்டும் இருந்தோம். அப்போது பையில் சூடு இறங்குவது தெரிந்தது. முன்பெல்லாம் என் உடம்பு என்னைக் கேட்டுக்கொண்டு போகும், நான் நேரம் சொல்வேன். இப்போது கேட்பதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கசியவில்லை. சற்று நேரத்தில் என் வேட்டி நனைந்தது. பதறிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். நனைத்தது அவன்.

கஸ்தூரி சாப்பிடக் கூப்பிட்டாள். அப்புறம் வருகிறேன் என்றேன். எந்த அவசரமும் இல்லாமல் இரண்டு பேரும் அப்படியே ஈரத்தில் இருந்தோம்.