பின் சீட்டுக்காரரும் சிவப்புக் காரும்

டொம்.

அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. அமிர்தம் அதை இறக்காமல் நின்றாள். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கார் ஷெட். அங்கிருந்து வந்த சத்தம் அது. கறுப்பு ஆஸ்டின் காரின் பின்கதவை மூடும் சத்தம், இரும்பு பீரோவைச் சாத்துவதுபோல் கனமாக விழும். முப்பத்திரண்டு வருடமாகக் கேட்டது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

டொம். மறுபடியும். பிறகு இன்னொரு தரம்.

காரில் ஏறிப் போகிறவன் கதவை ஒரு தரம்தான் மூடுவான். மூன்று தரம் திறந்து மூடிப் பார்க்கிறவன் வாங்க வந்தவன். பால் வழிந்து அடுப்பு அணைந்தது.

"கதவப் பாத்தீங்களா பாய்? இப்ப வர்ற வண்டிங்கள்ல இந்த மாதிரி தகடு கெடைக்குமா?" என்றது அவள் கணவர் தெய்வசிகாமணியின் குரல்.

"அதுக்குத்தாண்ணே கள்ளக்குறிச்சில இருந்து நானே வந்திருக்கறேன். கைக்குக் கை மாத்திக்கலாம். ஜாஸ்தி வாணாம், கம்மி வாணாம். எங்க வண்டி உங்களுக்கு, உங்க வண்டி எங்களுக்கு."

அது டயர் கடை காஜா. அவர் மகன் அப்சல் துபாயிலிருந்து திரும்பியபோது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கப்பலில் கொண்டு வந்திருந்தான். அதுதான் இப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தது.

இந்தத் தெய்வசிகாமணியை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்க எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். எலவனாசூர்கோட்டையில் அவருக்குப் பதினெட்டு ஏக்கர் இருந்தது. கரும்பு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும். கரணை நட்டது ஆட்கள். வெட்டியது ஆட்கள். மாட்டு வண்டியில் ஏற்றியதும் ஆட்கள். ஐயா செய்தது ஒன்றே ஒன்றுதான். ஆஸ்டின் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து போய் ஆலை வாசலில் இறங்குவார்.

ஐம்பத்தாறு வயதுவரை அவர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. ஸ்டியரிங் பிடிப்பது சம்பளத்துக்கு வேலை செய்கிறவன் காரியம் என்று நினைத்தார். கோயில் அவர் வீட்டிலிருந்து இருநூறு அடி தூரம், அதற்கும் கார். பின் சீட்டின் இடது ஓரம், ஜன்னலில் முழங்கை, தோளில் துண்டு. போய்ச் சேர்ந்ததும் டிரைவர் பூமாலை சுற்றி வந்து கதவைத் திறக்க வேண்டும். ஒரு நாள் பூமாலைக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு இறங்கத் தாமதமாகிவிட்டது. ஐயா கால் மணி நேரம் வெயிலில் காருக்குள்ளேயே வெந்துகொண்டு உட்கார்ந்திருந்தாரே தவிர, கைப்பிடியைத் தொடவில்லை. ஊரில் அவருக்குக் 'கார்காரர்' என்று பெயர். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷம் எண்பத்தேழு. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் அடி வாங்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். சில வீடுகளில் பிள்ளை திரும்பி வரவே இல்லை. தெய்வசிகாமணியும் மறியலுக்குப் போனார். எப்படி என்கிறீர்கள்? காரில். தன் சொந்த ஜனங்கள் ரோட்டின் குறுக்கே வெட்டிப் போட்டிருந்த புளிய மரத்துக்கு இந்தப் பக்கம் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "இன்னா பசங்களா, சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். அதன்பிறகு எவன் கேட்டாலும், "நானும் கலந்துகினேன்" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஐப்பசியில் ஒரு துக்கம் வந்தது. உரக்கடை வைத்திருந்த பங்காளி சிவசங்கர் புதிதாக ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கி, அதைத் தானே ஓட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கு வந்தான். மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தக் காரைச் சுற்றி நின்றார்கள். ஆஸ்டினை எட்டிப் பார்க்க ஓர் ஆள் இல்லை. பூமாலை கதவைத் திறந்து பிடித்தபோது இறங்கியவரை ஒரு நாய் மட்டும் பார்த்தது. அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. சிவப்புக் கார் இருக்கிற சேதி காதில் விழுந்ததும் காஜாவுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

ஆனால் ஆஸ்டின் அவருடையது அல்ல.

அமிர்தத்தின் அப்பா கள்ளக்குறிச்சியில் நெல் மில் வைத்திருந்தவர். மகளுக்குச் சீராகத் தன் காரையே கொடுத்தார், ஆர்.சி. புக்கையும் மகள் பேரில் மாற்றிக் கொடுத்தார். காரோடு கூடவே வந்தவன்தான் பூமாலை. அப்பா அந்தக் காரில் கல்வராயன் மலை அடிவாரத்துக்குப் போய்ப் புளி வாங்கி வருவார். இன்றைக்கும் டிக்கியைத் திறந்தால் அந்தப் புளி வாசனை லேசாக அடிக்கும். கடைசியில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதே பின் சீட்டில்தான். மகள் மடியில் தலை வைத்தபடி, தியாகதுருகம் தாண்டும்போது அவர் மூச்சு நின்றது. பூமாலை காரை ஓரம் கட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதான். பிறகு அண்ணன்கள் மில்லை விற்றார்கள், வீட்டை விற்றார்கள். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது ஷெட்டில் நின்ற அந்தக் கறுப்புக் கார் ஒன்றுதான்.

அவள் காபியோடு வெளியே வந்தாள். ஷெட்டிலிருந்து வாசலுக்கு வந்து நின்றிருந்த தெய்வசிகாமணியின் கையில் மாற்றுப் பத்திரம் இருந்தது.

"இன்னாமே, இதுல ஒரு கையெழுத்துப் போடு. ஒம் பேர்ல கீதாம்."

"எதுக்குங்க?"

"பழசக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கினு போறோம். பாரு, எப்டி மின்னுதுன்னு."

மின்னத்தான் செய்தது. அதைச் சுற்றி மூன்று தரம் நடந்திருந்தார் மனிதர். ஆனால் சிவப்புப் பெயிண்டில் தெரிந்த தன் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அமிர்தம் குனிந்து உள்ளே பார்த்தாள். இரண்டே சீட்டு. பின்னால் ஒரு கூடை வைக்கக்கூட இடம் இல்லை. அப்புறம் இன்னொன்றையும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பாய், இன்னா ஸ்டியரிங்கு எடது பக்கம் கீது?"

"துபாய்ல அப்டித்தாங்க்கா. அங்க ரோடே அந்தப் பக்கம்."

"அதெல்லாம் பூமாலை பழகிக்குவான். நீ கையெழுத்தப் போடு" என்றார் கணவர்.

கையெழுத்துப் போடாவிட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மாதம் பேச மாட்டார். தட்டைத் தள்ளுவார். மகள் செந்தமிழ்ச்செல்வியின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பிள்ளையை அழவைப்பார். கடைசியில் அமிர்தமே கையெழுத்துப் போட்டுத் தரும்வரை விடமாட்டார்.

"போடறேங்க. மொதல்ல ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. கடத்தெரு வழியா போங்க. எல்லாரும் பாக்கட்டும்."

கடைசிச் சொல் அவர் காதில் தேன்போல் இறங்கியது.

"நானே ஓட்டிக் காட்டறேண்ணே" என்று காஜா முன்னே வந்தார்.

"நீங்க காபி சாப்பிடுங்க பாய். நாளைக்கி ஓட்டப்போறது பூமாலதான? அவரே ஓட்டட்டும்."

கிளம்புகிற அவசரத்தில் ஐயா சட்டைகூடப் போடவில்லை. பனியன், தோளில் துண்டு. பூமாலை வழக்கம்போல் துவைத்த வெள்ளைச் சட்டையில் இருந்தான். சட்டைப் பையில் ஒரு பேனா. இடது பக்கம் பூமாலை ஏறினான். வலது பக்கம் ஐயா உடம்பை இரண்டாக மடித்து உள்ளே போனார். கார் உறுமிக்கொண்டு போயிற்று.

கூடத்தில் காஜா காபியை ஆற்றினார். அமிர்தம் சமையலறை வாசற்படியில் நின்றாள்.

"சிவப்பு வண்டி அவ்ளோ நல்லாருந்தா நீங்க எதுக்கு பாய் குடுக்கறீங்க?"

"ஒங்க கிட்ட மறைப்பானேன்க்கா. எங்க வூட்ல மெஹ்ராஜ் பேகம் ஒரு தரம் உக்காந்தா. எறக்க ரெண்டு பேரு கை குடுக்க வேண்டியதாப் போச்சி. திருப்பி ஏற மாட்டேன்றா."

"எங்க வண்டிய இன்னா பண்ணுவீங்க?"

"மெட்ராஸ்ல ஒரு ஓட்டலுக்காரரு கேக்கறாரு. வாசல்ல நிறுத்தி, டிக்கியத் தொறந்து, உள்ள பூந்தொட்டி வெப்பாராம். பாக்க ஷோக்கா இருக்கும்."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். புளி வாசனை அடிக்கும் அந்த டிக்கியில் பூந்தொட்டியாம்.

கடைத்தெருவில் நடந்ததை ஊரே பார்த்தது. நான் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை.

டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நம் ஊரில் வலது பக்கம் உட்கார்ந்திருப்பவன் டிரைவர்; இடது பக்கம் சாய்ந்திருப்பவர் முதலாளி. இதைத் தவிர வேறு விதமாகக் கார் உண்டு என்று யாருக்குத் தெரியும்? அய்யனார் என்கிற ஏர்க்காரன் வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டு உரக்கச் சொன்னான்:

"டேய், பூமாலையண்ணன் காரு வாங்கிட்டாருடா! டிரைவரு யார்ரா அது? நம்ம கார்காரரு சாடையா கீறான்?"

சிரிப்பு எழுந்தது. ஐயா கண்ணாடியை ஏற்றப் பார்த்தார். பித்தான் எது என்று தெரியவில்லை.

கொஞ்ச தூரத்தில் ரோட்டின் குறுக்கே தார் டிரம்கள். மறியலுக்குப் பிறகு வெளி மாவட்டத்திலிருந்து பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ்காரர் கையை நீட்டி நிறுத்தினார். நேராக வலது பக்கம் வந்தார்.

"லைசென்ஸ் எடுய்யா."

"நான் டிரைவரு இல்ல. மொதலாளி."

போலீஸ்காரர் பனியனைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டையையும் பேனாவையும் பார்த்தார். ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் பூமாலையிடம் கேட்டார்:

"சார், உங்க டிரைவர் குடிச்சிருக்கானா?"

"ஐயோ, சார், அவருதான் எங்க ஐயா..." என்று பூமாலை பதறினான்.

"நீங்க சும்மா இருங்க சார். இவனுங்களுக்கு எடம் குடுக்கக் கூடாது. யோவ், எறங்கு. அந்த டிரம்ம உருட்டி ஓரம் கட்டு."

முப்பத்திரண்டு வருடமாகக் கதவுக் கைப்பிடியைத் தொடாத தெய்வசிகாமணி தானே கதவைத் திறந்து இறங்கினார். இறங்கித் தார் டிரம்மைப் பிடித்து உருட்டினார். டீக்கடைக் கூட்டம் முழுவதும் பின்னாலேயே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. போலீஸ்காரர் தலையை உள்ளே நீட்டி, ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டு, கூட இருந்த போலீஸ்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிப்பதற்குள், இரண்டாவது டிரம்மும் ஓரத்துக்குப் போய்விட்டது. ஐயாவின் கை நிறையத் தார்.

வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. பூமாலை சுற்றி ஓடி வந்து கதவைத் திறந்தான். ஐயா அவன் முகத்தைப் பார்க்காமல் இறங்கி உள்ளே வந்தார். கை துண்டுக்குள் இருந்தது.

"எப்டிண்ணே? காத்து மாதிரி போவுதுல்ல?" என்றார் காஜா.

"வாணாம் பாய்."

"இன்னாண்ணே, இவ்ளோ நேரம்..."

தெய்வசிகாமணி தொண்டையைச் செருமினார். கூடத்தில் மாட்டியிருந்த மாமனார் படத்தைப் பார்த்தார். தன் ஆயுளில் முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அது எங்க மாமனாரு ஆசையாக் குடுத்தது. அத வித்தா இவ மனசு தாங்காது. பொண்டாட்டி கண்ணீர் வுட்டுக் காரு வாங்கற ஆளு நான் கெடையாது."

குரல்கூடத் தழுதழுத்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் கையெழுத்துக்கு வரிந்து கட்டிக்கொண்டு நின்ற வாய்! வாசலில் நின்ற பூமாலைக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"அக்கா, நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார் காஜா.

"நான் இன்னா பாய் சொல்றது? அவருக்கு என் மேல அவ்ளோ பாசம்."

கிளம்பும்போது அவர் மேஜைமேல் போட்டுவிட்டுப் போன மாற்றுப் பத்திரத்தை அமிர்தம் எடுத்து, நான்காக மடித்து, காஜாவின் கையில் கொடுத்தாள். ஆஸ்டின் சாவி வழக்கமாக ஐயாவின் அலமாரி ஆணியில் தொங்கும். அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தெய்வசிகாமணி தார்க்கையைத் தேய்த்தபடி சொன்னார்: "பூமால, நாளைக்குக் காலைல நம்ம வண்டிய எடு. கடத்தெருவுல நாலு சுத்து சுத்திட்டு வரணும். பின்னாடி உக்காந்துதான்."

"நாளைக்கி வண்டி இல்லீங்க" என்றாள் அமிர்தம். "நானும் பூமாலையும் கல்வராயன் மலைக்குப் போறோம். புளி வாங்கணும்."

"அப்ப நான்?"

"நடந்து போங்க. இருநூறு அடிதான கோயிலு."

காஜா செருப்பை மாட்டிக்கொண்டே இருவர் முகத்தையும் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்தது. புரிந்ததை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, "வரேங்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். சிவப்புக் காரில் பழக்க தோஷத்தில் வலது பக்கம் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைக் காணாமல், இறங்கி, சுற்றி வந்து இடது பக்கம் ஏறினார்.

கார் தெருமுனை திரும்பும்வரை அமிர்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.