காருக்குப் போன குடம்

கொதித்து நின்றுபோன எஞ்சின் ஆறும்போது ஒரு வாசனை விடும். வெந்த ரப்பரும், கருகிய எண்ணெயும், துருவேறிய இரும்பில் காய்ந்த வெந்நீரும் கலந்த அந்த வாசனை முதலில் மூக்கில் ஏறி, பிறகு மெல்ல இறங்கி நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், எத்தனை முறை துப்பினாலும் போகாது. நெடுஞ்சாலை ஓரத்தில் எவருடைய கார் புகை விட்டபடி நின்றாலும், பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் எனக்கு, ஐம்பதைத் தொடப்போகும் இந்த வயதிலும், பதினோரு வயதின் ஒரு கோடைப் பகல் வாய்க்குள் ஊறத் தொடங்கிவிடுகிறது.

கடத்தூருக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் ஊர். அப்பா ஒரு வாடகைக் கார் வைத்திருந்தார். மூன்று பேர் ஓட்டிக் களைத்த பிறகு அவர் கைக்கு வந்த பழைய வண்டி அது. கல்யாணம், காதுகுத்து, பிரசவம், சேலத்துப் பெரியாஸ்பத்திரி என்று சுற்றுவட்டாரத்தின் நல்லதும் கெட்டதும் அதன் பின்சீட்டில்தான் உட்கார்ந்து போய்வந்தன. வண்டிக்கு ஒரு வியாதி உண்டு. அதன் வாட்டர் பம்பு எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும், மாற்றினாலும் மறுபடி சொட்டும், ஆகவே தினமும் காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றியாக வேண்டும், மலையேற்றத்துக்கென்று டிக்கியில் கிடக்கும் கேனையும் நிரப்பியாக வேண்டும். ஊற்றுவது "நல்லதண்ணி"யாக இருக்க வேண்டும் என்பதில் அப்பா ஒரு பூசாரியைப் போலக் கறாராக இருந்தார்.

எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு சாதி. வீட்டுக்குப் பத்தடியில் நின்ற "போரிங் பைப்பு" உப்புத்தண்ணி. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குடத்தின் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துகொண்டே வரும். நல்லதண்ணி ஒன்றரை மைல் தள்ளி, ஒரு மாந்தோப்புக் கிணற்றில் கிடந்தது. கோடையில் கிணறு இறங்கிவிடும் என்பதால் தோப்புக்காரர் ஒரு கட்டு வைத்திருந்தார்: வூட்டுக்கு ஒரு குடம். அதற்கு மேல் மகராசியே வந்து நின்றாலும் கிடையாது. ஊரில் எல்லார் வீட்டிலும் அந்த ஒற்றைக் குடம் சமையலறைக்குள் போனது, எங்கள் வீட்டில் அது காருக்குப் போனது. "வண்டி ஓடுனாத்தான் அடுப்பு எரியும்" என்பார் அப்பா, அது உண்மையும்கூட. நாங்கள் பைப்புத் தண்ணியைக் குடித்தோம்.

அந்தக் குடத்தைக் கொண்டுவருவது என் வேலை. விடிந்தும் விடியாமலும் கிளம்பிப் போய், வரிசையில் நின்று, இடுப்பு மாற்றி இடுப்பு மாற்றிக் கொண்டுவந்து, கார் நிற்கும் ஓலைக் கொட்டாயில் முன்சக்கரத்தின் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு நான் பள்ளிக்கூடத்துக்குத் தலைசீவப் போய்விடுவேன். அப்பா குளித்துச் சாப்பிட்டு வந்து அதை எடுத்து ஊற்றுவார். பிறகு ஹாரனை இரண்டு தடவை அழுத்துவார். அது எனக்கான கூப்பாடு. பள்ளிக்கூட முக்கு வரைக்கும் முன்சீட்டில், அவருக்குச் சமமாக, கண்ணாடி வழியாக ஊரையே எதிர்கொண்டு நான் போவேன். நடந்துபோகும் பிள்ளைகள் புழுதிக்குள் கை அசைப்பார்கள். இன்றைக்கு வரைக்கும் என் வாழ்வில் எந்த நாற்காலியும் எனக்கு அத்தனை உயரமாக அமையவில்லை.

அந்தக் கோடையில் ஒரு நாள் கார் டிராக்டருக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்து வரப்பட்டது. கல்யாணத்துக்குச் சேலத்தில் ஜவுளி எடுத்த குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தொப்பூர் மேட்டில் ஏறும்போது சூட்டு முள் சிவப்பைத் தாண்டிவிட்டதாம். இரண்டு முறை நிறுத்தி, ஆறவிட்டு, கேன் தண்ணீரை ஊற்றிப் பார்த்திருக்கிறார், மூன்றாவது முறை வண்டி தானாகவே நின்றுவிட்டது. ஜவுளிக்காரர்கள் மூட்டையோடு பஸ் ஏறிப் போனார்கள். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே டிராக்டர்காரர் சிரித்தார். "ஏனுங்க, வண்டிக்குத் தண்ணி காட்டாமயே ஓட்டிப்புட்டீங்களா? மாட்டுக்குக்கூட ரெண்டு வேளை காட்டுறமுங்க." அப்பா சிரிக்கவில்லை. ஊரில் அவர் கார் வழியில் நின்றதில்லை என்பதுதான் அவர் பேர். அந்தப் பேரை வைத்துத்தான் நாள் குறித்தவர்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

கம்பைநல்லூரிலிருந்து மெக்கானிக் மாதேசன் வந்தார். குள்ளமான, அவசரமே படாத மனிதர். வந்ததும் வண்டியைத் தொடாமல் முதலில் டீ கேட்டார். "ஆறட்டும். சூட்டோட மூடியத் தொறந்தா மூஞ்சி வெந்துரும்" என்றார். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஒரு குடும்பத்தில் யார் திருடியது என்று விசாரிப்பது போல. ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தி "இது இல்ல" என்றார். ரப்பர் குழாய்களைப் பிசைந்து பார்த்து "இதுவும் இல்ல" என்றார். பம்பு சொட்டியது, ஆனால் சுற்றியது. ஆயில் பார்க்கும் குச்சியை உருவி வெயிலில் நீட்டினார். "பாத்தீங்களா? எண்ணெயில தண்ணி கலந்து பால் காப்பி ஆட்டமா ஆயிருச்சு." ரேடியேட்டரில் தண்ணீரை நிரப்பி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்யச் சொன்னார், வண்டி இருமி இருமிப் பிடித்தது, பின்னால் வெள்ளைப் புகை, முன்னால் தண்ணீருக்குள்ளிருந்து குமிழ் குமிழாக ஏதோ பேச முயல்வது போல வந்தது. "ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்க. எஞ்சின் தலைக்குக் கீழ தண்ணியையும் எண்ணெயையும் பிரிச்சு வெக்கற தகடு."

"அது ஏன் போச்சு?" என்றார் அப்பா.

"அதான் கேள்வி. கேஸ்கட் தானா போவாது. சூடு ஏறித்தான் போவும். சூடு ஏன் ஏறுச்சு?"

சொல்லிவிட்டு மாதேசன் கண்ணை மூடிக்கொண்டு, தாய் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது போல, ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை மேலிருந்து கீழாக இழுத்தார். மேலே சுட்டது. நடுவில் அவர் கை நின்றது. "இங்க பச்சத் தண்ணியா கெடக்குது. உள்ள ஓட்டமே இல்ல." ரேடியேட்டரைக் கழற்றிச் சாக்கின் மேல் கிடத்தி, மேல்தொட்டியைப் பிரித்தார்கள். உள்ளே தண்ணீர் இறங்கவேண்டிய சன்னமான குழாய்களின் வாய்கள் எல்லாம் வெள்ளையாக அடைத்துக் கிடந்தன. மாதேசன் ஒரு ஆணியால் சுரண்டி, அதை நாக்கின் நுனியில் வைத்து, துப்பினார்.

"உப்புத்தண்ணிங்க. ஒரு நாள் ரெண்டு நாளில்ல, ஒரு வருசமாவது ஊத்தியிருக்கணும். சுண்ணாம்புச் சட்டி ஆட்டமா இருக்குது."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். தெரியாத ஊரில் வழி கேட்பவரைப் போலப் பார்த்தார்.

"நான் நல்லதண்ணிதாம்ப்பா கொண்டாந்தேன். தெனமும் கெணத்துக்குத்தாம்ப்பா போனேன்."

சமையலறை வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். தம்பிக்கு அப்போது மூன்று வயது நிரம்பவில்லை. அவள்தான் பேசினாள், மிக இதமாக, என் பக்கம் நின்று பேசுவது போல. "சின்னப்புள்ளதானுங்களே. பத்தடியில பைப்பு இருக்குது, அவ்ளோ தூரம் போவ சோம்பப் பட்டிருக்கும். வுடுங்க, திட்டாதீங்க."

அப்பா திட்டவில்லை. "ஒத்த வேல" என்றார். "ஒத்த வேலதானே பாப்பா குடுத்தேன்." மாதேசன் கைகளைத் துடைத்துக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார். ரேடியேட்டரைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அடைப்பெடுக்கும் கடையைத் தேடி அப்பா தர்மபுரி பஸ்ஸுக்கு நடந்தார், திரும்பிப் பார்க்காமல்.

பிற்பகலில் அழுது அழுது தொண்டை காய்ந்து உள்ளே போனேன். மேல் அடுக்கில், என் கைக்கு எட்டாத இடத்தில், மூடி போட்ட ஒரு மண்பானை உண்டு. "தம்பிக்கு மருந்து போட்டு வெச்ச தண்ணி, தொடாத" என்று அம்மா சொல்லியிருந்ததால் நான் அதைத் தொட்டதில்லை. அன்றைக்கு எந்தச் சொல்லுக்கும் கட்டுப்படும் மனம் இல்லை. அம்மியின் மேல் ஏறி மூடியைத் தள்ளி, தம்ளரை விட்டு மொண்டு குடித்தேன். ஒரு வாய் குடித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தினமும் கிணற்றடியில் குடத்தைத் தூக்குமுன் ஒரு கை அள்ளிக் குடிப்பவள் நான்; அந்தத் தண்ணீரின் ருசியை இருட்டில் கொடுத்தாலும் சொல்லுவேன். மருந்தும் இல்லை, மாயமும் இல்லை, நான் சுமந்துவந்த தண்ணீர்.

நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தலைசீவப் போவதற்கும் அப்பா சாப்பிட்டு வருவதற்கும் நடுவே இருந்த அந்தக் கால்மணி நேரத்தில், அம்மா கொட்டாய்க்கு வந்து, குடத்தைப் பானையில் கவிழ்த்துவிட்டு, பைப்பில் அடித்து நிரப்பி, பழையபடி முன்சக்கரத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறாள். ஒரு வருடமாக. உப்பை ஊற்றியது அப்பாவின் கையேதான்.

பின்னால் காலடி கேட்டது. அம்மா என் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தாள். பதறவில்லை. "கொஞ்சமா குடி, தம்பிக்கு வேணும்" என்றாள். பானையை மூடியபடியே, கீழ்க்குரலில் சேர்த்தாள்: "பள்ளிக்கூடத்துக்கு வந்து பல்லு பாத்த நர்சம்மா சொன்னாங்க இல்ல, இந்தப் பைப்புத் தண்ணிதான் கறை புடிக்க வெக்குதுன்னு. உங்கப்பாருகிட்ட எத்தன தாட்டி சொன்னேன், காதுலயே போட்டுக்கல. உனக்குத்தான் ஏற்கனவே புடிச்சிருச்சு. இவனுக்காவது முளைக்கறது வெள்ளையா முளைக்கட்டும்."

அந்த ஒற்றைக் குடம் எந்த வீட்டுக்கும் போதாததால் வகுப்பில் எல்லாருக்கும் பல் பழுப்புதான், அதனால் அதுவரை எனக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. அந்த நிமிடம்தான் என் வாய் எனக்கு அசிங்கமானது. ஒன்றரை மைல் சுமந்தவள் நான், சுமந்ததில் ஒரு வாய்கூட வீட்டில் எனக்கென்று ஒதுக்கப்படவில்லை, பொய்க்காரி என்ற பேர் மட்டும் முழுசாக என் பங்குக்கு வந்தது. இருந்தும் நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பாவின் கோபம் எங்கள் வீட்டில் தட்டுகளைப் பறக்க வைத்திருக்கிறது. அம்மா மேல் அது இறங்கினால் என்னாகும் என்று பயந்தேன். அவளே சொல்லிவிடுவாள் என்றும் காத்திருந்தேன். நாளைக்குச் சொல்லுவாள், திருவிழா முடிந்து சொல்லுவாள், நான் பெரியவளானதும் சொல்லுவாள் என்று.

எஞ்சினைப் பிரித்துக் கட்டினார்கள், வண்டி மறுபடி ஓடியது. குடம் சுமக்க என்னை யாரும் அனுப்பவில்லை. அப்பாவே சைக்கிளில் போய்க் கொண்டுவந்தார். வெளியூர் வாடகைக்குப் போனால் அங்கிருந்து கேன்களில் நிரப்பி வந்து, ஒன்றைச் சமையலறை வாசலிலும் வைத்துவிட்டுப் போனார். என் மேல் நம்பிக்கை அற்றுப்போனதன் அடையாளமாகவே அந்த ஒவ்வொரு கேனையும் நான் பார்த்தேன். காலையில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும், ஹாரன் கேட்காது. நான் புழுதியோரம் நடந்து போனேன். என்னைக் கடக்கும்போது அப்பா வேகத்தைக் குறைப்பார், நிறுத்தமாட்டார். வருடங்கள் போய், நான் படித்து, வேலைக்குப் போய், கட்டிக்கொண்டு போய், எழுதத் தொடங்கி, எத்தனையோ சொல்லியாயிற்று, அவரிடம் அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்த அன்று, அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோதும், அம்மாவின் பேர் கெடவேண்டாம் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இந்தச் சித்திரையில் நல்லம்பள்ளியில் தம்பி வீட்டுக்குப் போனேன். அம்மா அங்கேதான் இருக்கிறாள். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்து தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது, தம்பியின் பிள்ளைகள் அதை ஒருவர் மேல் ஒருவர் வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு தைரியத்தில், இத்தனை வருடத்துக்குப் பிறகு, கேட்டேவிட்டேன். "ஏம்மா, அந்தக் குடத்துச் சேதிய அப்பாகிட்டக் கடைசி வரைக்கும் சொல்லாமயே இருந்துட்டியே."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "யாரு சொன்னா? மறுநாள் காலையிலயே சொல்லிட்டேனே."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒண்ணும் திட்டல. கொட்டாயில வண்டியவே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம், 'மாதேசன் முன்னால புள்ளமேல சொல்லியாச்சு. இப்ப மாத்திச் சொன்னா பொண்டாட்டியே ஏமாத்திட்டாள்னு ஊரு சிரிக்கும். புள்ளதானே, மறந்துருவா'ன்னாரு." ஒரு தண்டை ஒடித்துப் போட்டாள். "இதயா இத்தன வருசம் மனசுல வெச்சிருந்த?"

மாந்தோப்பு வீட்டுமனையாகிவிட்டது, கிணற்றைத் தூர்த்து அதன் மேல் ஒருவர் கார் நிறுத்துகிறார் என்று தம்பி சொன்னான். எங்கள் வண்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போயிற்று. அவை போனதில் எனக்குப் பெரிய துக்கம் ஒன்றும் இல்லை. பதினோரு வயதில் ஒருத்தியைக் காப்பாற்றினேன் என்று ஒரு கர்வம் வைத்திருந்தேன், வேறு எதுவும் இல்லாத நாட்களில் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வேன். அதுவும் இப்போது இல்லை. அவர்கள் இருவரும் மறுநாளே பேசித் தீர்த்துக்கொண்ட வீட்டில், நான் ஒருத்தி மட்டும் வாயைத் திறக்காமல் வளர்ந்திருக்கிறேன்.