ஓவர்சியர் வீட்டுக் கைப்பிடிச் சுவர்

கே.கே. நகர் ஓவர்சியர் வீட்டில் ஆன்டெனா கம்பம் சாய்ந்துவிட்டது என்று எங்கள் டி.வி. கடைக்கு ஆள் வந்து சொன்னபோது, என் முதலாளி முதலில் கேட்டது பூஸ்டர் தப்பித்ததா என்றுதான். ஓவர்சியரின் சம்சாரத்துக்குக் கை முறிந்ததை இரண்டாவதாகக் கேட்டுக்கொண்டார். வியாபாரம் தெரிந்த மனுஷர்.

அந்தக் கம்பத்தை இரண்டு மாதத்துக்கு முன்பு மாட்டியவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம். கொடைக்கானல் டவர் வராத காலம். மதுரையில் படம் தெரிய வேண்டுமென்றால் இலங்கை டி.வி.யைத்தான் பிடிக்க வேண்டும். அதற்கு இருபது அடி ஜி.ஐ. பைப், உச்சியில் ஆன்டெனா, கூடவே சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் பூஸ்டர். அவ்வளவு உயரத்தைத் தாங்க ஒன்பது இஞ்ச் சுவர் வேண்டும். பைப்பைச் சுவரோடு பிடிக்கும் இரண்டு கிளாம்புக்கும் நடுவே நாலடியாவது இடைவெளி வேண்டும். மூன்று பக்கம் ஸ்டே கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். ஓவர்சியர் வீட்டில் அதற்கென்றே கட்டியதுபோல மாடிப்படி ரூம் சுவர் இருந்தது. அதில் அடிக்கலாம் என்றேன்.

அது வீட்டின் பின்பக்கமாம். தெருவுக்குத் தெரியாதாம். இருபது அடிக் கம்பம் தெருவுக்குத் தெரியாதே என்று கவலைப்பட்ட மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். முன்பக்கக் கைப்பிடிச் சுவரில்தான் அடிக்க வேண்டும், ஸ்டே கம்பி கட்டினால் மாடி அசிங்கமாகிவிடும் என்றார். கைப்பிடிச் சுவர் மூன்றடி உயரம், நாலரை இஞ்ச் கனம். முப்பது வருஷம் ஊரார் கட்டடங்களைத் தட்டிப் பார்த்துச் சரி, தப்பு சொன்னவரிடம் போய் இதை நான் விளக்குவதா என்று விட்டுவிட்டேன்.

உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். பூச்சு உதிர்ந்து, பின்னாலேயே மணல் ரவையாகக் கொட்டியது. சிமெண்ட் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த அடையாளமே இல்லை. வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஓவர்சியர் வீட்டம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் ஓவர்சியரைப் பார்த்தேன்.

"வெளிப்பூச்சு அப்பிடித்தான் இருக்கும். உள்ள கருங்கல்லு கணக்கா நிக்கும். நானே பக்கத்துல நின்னு கட்டுன வீடுப்பா, நீ அடி" என்றார்.

அடித்தேன். முந்தின வாரம்தான் சமயநல்லூரில் ஒரு வீட்டுக்காரரிடம் பைப் விஷயமாக நான் வாதாடியதில், அவர் வேறு கடைக்குப் போயிருந்தார். இன்னொரு பார்ட்டி போனால் நானும் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். வீட்டில் இரண்டாவது பிள்ளை பிறந்து ஒரு மாதம். ஆகவே மணலைத் துடைத்துவிட்டு, ஓட்டையில் கொஞ்சம் சிமெண்டை அப்பி, மறுநாள் போய் போல்ட்டை முறுக்கி, படம் தெளிவாக இருக்கிறதா என்று கீழே குரல் கொடுத்தேன். தெளிவோ தெளிவு என்றார் ஓவர்சியர்.

ஆடி பிறந்தது. காற்று தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. கம்பம் சுவரையும் பெயர்த்துக்கொண்டு மாடிக்குள் விழுந்தது. துணி எடுக்கப் போன அந்தம்மாவின் கையில் பட்டது. ஒரு முழம் தள்ளியிருந்தால் தலை.

முதலாளியும் நானும் வீட்டுக்குப் போனோம். பத்து நிமிடத்தில் பெரிய மனிதர்கள் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். சுவரைப் பற்றிப் பேச்சு வரக்கூடாது ஓவர்சியருக்கு; வேலையைப் பற்றிப் பேச்சு வரக்கூடாது முதலாளிக்கு. இரண்டு பேருமாகச் சேர்ந்து காற்றைக் குற்றவாளியாக்கினார்கள். இந்த வருஷம் காற்று அம்புட்டு வேகம் என்றார் முதலாளி. தன் சர்வீஸிலேயே இப்படிப் பார்த்ததில்லை என்றார் ஓவர்சியர். காற்றின் சார்பாகப் பேச அங்கே ஆளில்லை.

மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த அந்தம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏந்தம்பி, அன்னிக்கு மணலு கொட்டவும் கைய நிறுத்துனீங்கள்ல. இது நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

முதலாளி என் முழங்கையை இடித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதுவரை மனசுக்குள் ஓவர்சியரைத்தான் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தேன். அவருக்காவது தன் சுவர்மேல் நம்பிக்கை இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

"தெரியும்மா" என்றேன்.

அன்று சாயங்காலமே எனக்கு வேலை போயிற்று. கிளாம்பு எது, பைப் எத்தனை இஞ்ச் என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். சுவர் தாங்காது என்றால் அதை வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே, போல்ட்டை முறுக்குவதற்கு முன்னால் சொல்ல வேண்டியது மாட்டப் போகிறவன். நானும் சொல்லத்தான் செய்தேன், இரண்டு மாதம் கழித்து.