கிணற்றின் மேல் வந்த குசினி

போதுமான காலம் வாய் மூடி இருந்துவிட்டேன். இன்று ஊர் முகநூல் குழுவில் எழுதுகிறேன்.

மன்னாரில் எங்கள் பழைய வீட்டை உடைக்கிறேன். மூன்று மகள்மாருக்கும் சீதனமாக அதே வளவில் மூன்று சின்ன வீடுகள். வரைபடத்தில் மூன்றாவது வீட்டின் அடுப்பு வைக்கிற குசினி கிணற்றின் மேல் வருகிறது. எங்கள் ஒழுங்கை வீடுகளில் உவர்க்காத தண்ணீர் அந்தக் கிணற்றில் மட்டும்தான்.

இன்று காலை பக்கத்து வீட்டு அக்கா வாளியோடு வந்தார். வேலியை என் பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டவர். பத்து வருடமாக நான் அவரோடு கதைப்பதில்லை.

என்னைக் கண்டு திடுக்கிட்டார். "தம்பி, இண்டைக்கு வேலைக்குப் போகேல்லையோ?"

பிறகு மெதுவாக, "கிணத்தையும் தூர்க்கப் போறீங்களோ?"

நான் அவரைப் பார்க்காமல், வீடு உடைக்க வந்த மேசனிடம் சொன்னேன்: "ஓம், தூர்க்கத்தான் போறன்."

"சரி தம்பி. அப்ப இண்டைக்கு ரெண்டு வாளி கூட அள்ளுறன்."

மேசன் சிரித்தார். "ஐயா, வேலியை இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தா கிணறே அவவின்ர பக்கம் போயிருக்கும். நல்ல காலம்."

மனைவியைப் பார்த்தேன். "நீங்கள் கந்தோருக்குப் போன பிறகு ஒவ்வொரு நாளும் வாறவதான்" என்றாள். "பத்து வருசமா."

என் கோபத்தை என் வீட்டிலேயே ஒருவரும் மதிக்கவில்லை.

மத்தியானம் வரைபடத்தைத் திருத்தினேன். கடைசி மகளின் குசினி பாதியாகிவிட்டது. கிணறு நிற்கும். வேலியை நான் மறக்கவில்லை.

பெயர் போட்டால் நாளைக்கே அக்கா நன்றி சொல்ல வருவார், நானும் கதைக்க வேண்டி வரும். அதனால் பெயரில்லாமல் போடுகிறேன். இந்த ஒழுங்கையில் வீடு உடைப்பவன் நான் ஒருவன்தான் என்பதைத் தயவுசெய்து யாரும் அவருக்குச் சொல்ல வேண்டாம்.